பூஸ்ட் பம்பைப் போட்டே வைத்திருப்பது பாதுகாப்பா?

கேள்வி: ஜனவரி 9, கொட்டகலை வாசகர்

இரத்மலானையில் பைப்பர் செரோக்கியில் பறக்கப் பழகினேன். மேலெழும்போதும் இறங்கும்போதும் எரிபொருள் தாங்கி மாற்றும்போதும் பூஸ்ட் பம்ப் எனப்படும் மின்சார எரிபொருள் பம்பைப் போட வேண்டும் என்று பாடமாக்கித் தந்தார்கள். இப்போது வெளிநாட்டில் பொனான்சா ஏ36 விமானத்தில் பயிற்சி. இறங்குவதற்கு முன் பழக்கத்தில் பூஸ்ட் பம்ப் சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனேன்; ஆசிரியர் கையைத் தட்டிவிட்டார். ஒன்றுக்கு இரண்டு பம்ப் ஓடினால் நல்லதுதானே? போட்டே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போவதற்குள் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 9, இரவு

இல்லை தம்பி. ஆசிரியர் தட்டியது சரி.

செரோக்கியில் இருப்பது லைகோமிங் எஞ்சின், காபுரேட்டர். தாங்கி இருக்கும் இறக்கை கீழே இருப்பதால் எரிபொருளை மேலே ஏற்றித்தான் கொடுக்க வேண்டும். எஞ்சினோடு சுழலும் பம்ப் நின்றுபோனால் மின்சாரப் பம்ப் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து ஓடினாலும் காபுரேட்டருக்குள் இருக்கும் மிதவை தனக்கு வேண்டியதை மட்டுமே உள்ளே விடும். அழுத்தம் 0.5 முதல் 8 பிஎஸ்ஐக்குள் இருக்கும் வரை எஞ்சினுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த விமானத்துக்கு உங்களுக்குச் சொல்லித்தந்த பழக்கம் நல்ல பழக்கம்.

ஏ36 இல் இருப்பது கண்டினென்டல் ஐஓ-520 அல்லது ஐஓ-550. இது எரிபொருளை அழுத்தத்தோடு செலுத்தும் இன்ஜெக்‌ஷன் முறை; அங்கே தடுத்து நிறுத்த மிதவை இல்லை. பூஸ்ட் பம்பை 'ஹை' (முழு வேகம்) நிலையில் போட்டால், கூடுதல் அழுத்தம் சிலிண்டரின் வாசல் வரை போய்ச் சேரும். முழு வலுவில் ஏறும்போது கலவை செறிந்து, அதாவது காற்றுக்கு மிஞ்சிய எரிபொருள் சேர்ந்து, வலு குறையும். வலுவைக் குறைத்துக்கொண்டு ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது எஞ்சின் எரிபொருளில் மூழ்கி அணைந்தே போகலாம். உங்கள் கை சுவிட்சுக்குப் போனது சரியாக அந்த நேரத்தில்.

ஜனவரி 10, காலை

பதுளையில் இருக்கும் ஓர் ஆசிரியர், "லைகோமிங்கிலும் இன்ஜெக்‌ஷன் உண்டு, கண்டினென்டலிலும் உண்டு; இரண்டும் எரிபொருளைச் செலுத்தும் எஞ்சின்கள்தானே, ஏன் ஒன்று தாங்குகிறது, மற்றது தாங்கவில்லை?" என்று கேட்டிருக்கிறார். இந்த இழையின் மையமே இந்தக் கேள்விதான். பொறுமையாகச் சொல்கிறேன்.

லைகோமிங்கின் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில், ஐஓ-360 ஆகட்டும் ஐஓ-540 ஆகட்டும், பெரும்பாலும் பெண்டிக்ஸ் மரபில் வந்த சேர்வோ, அதாவது எரிபொருளை அளந்து விடும் கருவி, ஒன்று இருக்கும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றுப் போகிறது என்பதை அது ஒரு மெல்லிய சவ்வினால் உணர்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருளையே விடுகிறது. பின்னால் இருந்து பம்ப் எவ்வளவு தள்ளினாலும் அதன் கணக்கு மாறாது. ஆகவே மூனி எம்20ஜே போன்ற விமானங்களில் மேலெழும்போதும் இறங்கும்போதும் பூஸ்ட் பம்ப் ஓடும். கையேடே அப்படிச் சொல்கிறது.

கண்டினென்டல் முறை காற்றை அளப்பதே இல்லை. எஞ்சினோடு சுழலும் பம்ப் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு அழுத்தம் வரும். அதை, வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலோடு இணைந்த வால்வும், எரிபொருள்-காற்று விகிதத்தை மாற்றும் மிக்சர் நெம்புகோலும் கட்டுப்படுத்துகின்றன. அவ்வளவுதான். எளிமையான, நம்பகமான முறை. அடைபட நுண்ணிய பாகங்கள் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தக் கணக்கு முழுவதும் "இந்தச் சுழல்வேகத்துக்கு இவ்வளவு அழுத்தம்" என்ற ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது. வெளியிலிருந்து இன்னொரு பம்ப் அழுத்தம் சேர்த்தால், காற்று கூடவில்லை, எரிபொருள் மட்டும் கூடுகிறது. அதைக் கண்டுபிடித்துக் குறைக்க அங்கே ஒருவரும் இல்லை, விமானியைத் தவிர.

ஜனவரி 10, மதியம்

பழைய செஸ்னா 206, 210 விமானங்களும் கண்டினென்டல் குடும்பம்தான். எஞ்சின் பம்ப் நன்றாக இயங்கும்போது துணைப் பம்பை (பூஸ்ட் பம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) ஓனில் வைத்தால் கலவை மிதமிஞ்சிச் செறியும், ஆகவே மேலெழும்போது அணைத்திருக்க வேண்டும் என்று அவற்றின் கையேடுகளில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. லைகோமிங் பொருத்திய செஸ்னா 172எஸ் இல் சேர்வோ இருந்தும் வழமையான மேலெழும்பலில் பம்ப் தேவைப்படுவதில்லை. இறக்கை மேலே இருப்பதால் எரிபொருள் தானாகவே இறங்கிவரும். எஞ்சின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜனவரி 12, இரவு

நான் விமானி அல்லன். சிறு விமானங்களின் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டி வயது போனவன். இரத்மலானையில் தொடங்கி, பிறகு வெளிநாட்டில் நெடுங்காலம் வேலை செய்து, இப்போது அப்புத்தளையில் இருக்கிறேன். இந்த விடயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் கேட்டார். ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

வெளிநாட்டுப் பட்டறைக்கு ஒற்றை எஞ்சின் கண்டினென்டல் விமானம் ஒன்று வந்தது. முறைப்பாடு: "இறங்கும்போது எஞ்சின் இருமுகிறது, சில நேரம் நிற்கிறது." தீப்பொறிச் செருகிகளைப் பார்த்தோம்: கரி பிடித்திருந்தன. சுத்தம் செய்து அனுப்பினோம். திரும்பி வந்தது. எஞ்சின் பம்பின் அழுத்தத்தை அளந்து சரிபார்த்தோம். கையேட்டில் உள்ளபடியே இருந்தது. செலுத்துமுனைகளைக் கழுவினோம். மீண்டும் வந்தது. தரையில் எங்கள் கையில் எப்போதும் அழகாக ஓடியது.

கடைசியில் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் விமானியை இருக்கையில் உட்காரவைத்து, "இறங்கும்போது நீங்கள் செய்வதை எல்லாம் ஒன்றுவிடாமல் செய்து காட்டுங்கள்" என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டு செய்தார்: தாங்கி, சக்கரம், மிக்சர், பிறகு கை நேராகப் பம்ப் சுவிட்சுக்குப் போய் அதை ஹையில் தட்டியது. அதைத் தான் செய்ததே அவருக்குத் தெரியவில்லை. முன்பு ஓட்டிய தாழிறக்கை லைகோமிங் விமானத்தின் பட்டியல் அவருடைய விரலில் இருந்தது, மனதில் இல்லை. விமானத்தில் ஒரு பழுதும் இல்லை.

அவர் பிழைத்தது அங்கே நிலம் தட்டையாக இருந்ததால்தான். நம் மலைகளை நினைத்துப் பாருங்கள். தலவாக்கலைக்கு மேல் எஞ்சின் நின்றால் எங்கே இறக்குவது? தேயிலை மலைச் சரிவுகளில் நிழல் மரங்கள், கல், வடிகால், லயங்கள். மிஞ்சுவது கொத்மலை, காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்களும் அம்பேவளைப் புல்வெளியும்தான். அதுவும் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால்.

ஜனவரி 13, காலை

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர் வலுவாக மறுத்திருக்கிறார். "எஞ்சின் பம்ப் மேலெழும் நேரத்தில், இருநூறு அடி உயரத்தில் செத்தால் என்ன செய்வது? பூஸ்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம் அல்லவா?"

நியாயமான கேள்வி. அந்த ஒரு நிகழ்வுக்கு மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் எஞ்சினோடு சுழலும் பம்ப் திடீரென்று செத்துப்போவது அரிது. அதன் தண்டில் பலவீனமான இணைப்பு ஒன்றை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பம்ப் இறுகினால் எஞ்சினின் பல்சக்கரங்களைக் காப்பாற்ற அது முறிந்துகொள்ளும். அது நடக்கும், நடந்திருக்கிறது. மறுபக்கத்தில், ஹையில் போட்டுக்கொண்டு மேலெழுந்தால் வலுக் குறைவது அரிதான நிகழ்வு இல்லை, ஒவ்வொரு முறையும் நடப்பது. எப்போதோ ஒருமுறை வரக்கூடிய ஆபத்துக்காக ஒவ்வொரு பறப்பிலும் நிச்சயமான ஆபத்தை வாங்கிக்கொள்வது எப்படிப் பாதுகாப்பாகும்?

அந்த இருநூறு அடிக்கு விடை, கையைத் தயாராக வைத்திருப்பது. மேலெழுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "வலு விழுந்து எரிபொருள் ஓட்டமானி ஊசியும் விழுந்தால், பூஸ்ட் ஹை." சொல்லும்போதே விரலைச் சுவிட்சுக்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பாருங்கள், போடாமல். ஒவ்வொரு மேலெழும்பலுக்கும் முன்னால் இதைச் செய்யும் விமானிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய விமானத்தில் பின்னிருக்கையில் உட்காருவதற்கு எனக்குத் தயக்கம் இருந்ததில்லை.

உண்மையிலேயே எஞ்சின் பம்ப் போய், ஹை மட்டும் எஞ்சினை ஊட்டுகிறது என்றால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். மின்சாரப் பம்புக்கு எஞ்சினின் சுழல்வேகம் தெரியாது. நீங்கள் வலுவைக் குறைத்தாலும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கும்போது மிக்சரைக் கையால் மெலிதாக்கிக்கொண்டே வர வேண்டும். பம்ப் காப்பாற்றிய எஞ்சினைக் கடைசி ஒரு மைலில் அதே பம்ப் மூழ்கடித்துவிடக் கூடாது.

ஜனவரி 17, மாலை

பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் இழை வேறு திசையில் ஓடியிருக்கிறது. இறம்பொடைப் பாதையில் பழைய பெற்றோல் ஜீப் ஓட்டிய ஒருவர், ஏற்றத்தில் வண்டி நின்றதும் பெற்றோல் பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு ஆறவைத்த கதையை எழுதியிருக்கிறார். சிலர் அதற்கும் விமானத்துக்கும் தொடர்பில்லை என்று அவரை மடக்கியிருக்கிறார்கள். தொடர்பு இருக்கிறது. அவர் சொன்னது ஆவியடைப்பு: குழாயில் எரிபொருள் ஆவியாகி, அந்தக் குமிழி ஓட்டத்தை அடைப்பது. பூஸ்ட் பம்பின் இரண்டாவது வேலையே அதைத் தடுப்பதுதான்.

நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறையும்போது திரவம் எளிதில் ஆவியாகும், பெற்றோலும் அப்படியே. விமானத்தில் இது ஏன் மோசமாகிறது என்றால், இரத்மலானையில் நடுப்பகல் வெயிலில் நின்ற விமானத்தின் இறக்கைக்குள் எரிபொருள் சூடேறியிருக்கும். கிழக்கே திரும்பி ஏறினால் சற்று நேரத்தில் சிவனொளிபாதமலையின் 2,243 மீற்றரையும் பிதுருதலாகலையின் 2,524 மீற்றரையும் தாண்டும் உயரத்துக்கு வந்துவிடுவீர்கள். வெளிக்காற்று குளிர்ந்துவிடும். தாங்கிக்குள் இருக்கும் எரிபொருள் அவ்வளவு விரைவில் ஆறாது. கீழ்நாட்டின் சூட்டை வைத்துக்கொண்டே மலைநாட்டின் அழுத்தத்துக்கு வந்து நிற்கும். பம்ப் உறிஞ்சும் குழாயில் அழுத்தம் இன்னும் குறைவு. குமிழி பிறப்பது அங்கேதான்.

அடையாளம்: எரிபொருள் ஓட்டமானியின் ஊசி ஆடும், அதோடு எஞ்சினின் ஒலியும் ஏறி இறங்கும். அப்போது 'லோ' நிலையைப் போட வேண்டும். அது உறிஞ்சும் குழாயில் இருக்கும் எரிபொருளைப் பின்னிருந்து மெதுவாகத் தள்ளி அழுத்தத்தைக் கூட்டுகிறது, குமிழி அடங்குகிறது. ஊசி நிலைத்ததும் மிக்சரைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கண்டினென்டல் பம்பின் தலையில் ஆவியைப் பிரித்தெடுக்கும் அறை ஒன்று இருக்கிறது. பிரிந்த ஆவியும் மிஞ்சிய எரிபொருளும் தாங்கிக்குத் திரும்பும். எந்தத் தாங்கிக்குத் திரும்புகிறது என்பதை உங்கள் விமானத்தின் கையேட்டில் பாருங்கள். நிரம்பிய தாங்கிக்குத் திரும்பினால் எரிபொருள் வெளியே வழிந்து வீணாகும்.

ஜனவரி 18

நேற்றைய குறிப்பைச் சற்று இறுக்க வேண்டும். "லோ பாதுகாப்பானது, ஹை ஆபத்தானது" என்று அதைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. லோவும் ஓட்டத்தைக் கூட்டும், குறைவாக. சில கையேடுகள் வெப்பமான நாளில் லோவுடன் மேலெழச் சொல்கின்றன; சில சொல்லவில்லை. பழைய பொனான்சாக்கள் சிலவற்றில் லோ என்ற நிலையே கிடையாது, ஓன் என்றால் முழு வேகம்தான். பெரிய செஸ்னா சிலவற்றில் சுவிட்ச் இரண்டாகப் பிளந்திருக்கும்: மஞ்சள் பாதி ஒன்று, சிவப்புப் பாதி ஒன்று. சிவப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஹை. விரலை எடுத்தால் தானே திரும்பிவிடும். அந்த ஸ்பிரிங்கை வைத்தவருக்கு நான் மனதுக்குள் நன்றி சொல்வதுண்டு.

உங்கள் விமானத்தின் சுவிட்ச் எந்த வகை என்பதை இருட்டிலும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரி 21, இரவு

எஞ்சின் தடுமாறுகிறது. பம்பைப் போடுவதா, அணைப்பதா? எல்லோரும் கேட்பது இதுதான். என் விடை: முதலில் ஊசியைப் பார்.

ஓட்டமானி ஊசி கீழே விழுந்திருந்தால் எஞ்சினுக்கு எரிபொருள் போகவில்லை. தாங்கி வற்றியிருக்கலாம், குழாயில் ஆவி இருக்கலாம், எஞ்சின் பம்ப் போயிருக்கலாம். தாங்கியை மாற்று, பூஸ்ட் போடு. தாங்கி வற்றித்தான் நின்றது என்றால், எஞ்சின் பிடித்ததும் பூஸ்டை அணைத்துவிடு. பிடித்த எஞ்சினைத் தொடர்ந்து ஹையில் விட்டால் அது மீண்டும் நிற்கும், இம்முறை எதிர்க் காரணத்தால்.

ஊசி மேலே ஏறி நின்று, எஞ்சின் வெளியேற்றும் புகையின் சூட்டைக் காட்டும் வெப்பமானி இறங்கி, கரும்புகையும் வந்தால் எரிபொருள் மிதமிஞ்சிப் போகிறது. பூஸ்ட் ஓடுகிறதா பார், அணை, மிக்சரை மெலிதாக்கு. இந்த நிலையில் பதற்றத்தில் பூஸ்டைப் போடுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது.

ஜனவரி 22, காலை

நேற்று எழுதியதை இரவு முழுவதும் யோசித்தேன். ஒரு விலக்கைச் சேர்க்காமல் விடக் கூடாது. பழைய விமானங்களில் ஓட்டமானி என்று பெயர் எழுதியிருந்தாலும் அது உள்ளே ஓர் அழுத்தமானிதான். அழுத்தத்தைக் கேலனாக மாற்றிக் காட்டும்படி முகப்பை அச்சிட்டிருப்பார்கள். ஒரு செலுத்துமுனை அடைபட்டால் பின்னால் அழுத்தம் கூடும், ஊசி மேலே போகும், ஆனால் அந்தச் சிலிண்டருக்கு எரிபொருள் குறைந்திருக்கும். அப்போது எஞ்சின் முழுவதும் திணறாது. ஒரு சிலிண்டர் மட்டும் தவறி உதறும். சிலிண்டருக்கு ஒன்றாக வெப்பமானி பொருத்தியிருந்தால் எது என்று உடனே தெரியும். புதிய மின்னணு மானிகள் ஓட்டத்தையே அளப்பதால் அவற்றில் இந்தக் குழப்பம் இல்லை. உங்களுடையது எது என்று பட்டறையில் கேளுங்கள்.

ஜனவரி 22, மாலை

நோர்ட்டன் பிரிட்ஜ் வாசகர் ஒருவர் ஏழு கன்னியர் மலையில் மோதிய டிசி-8 விமானத்தைப் பற்றிக் கேட்டார். 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களுடன் வந்த விமானம், 191 பேரும் இறந்தார்கள். அது எரிபொருளோ எஞ்சினோ சார்ந்த விபத்து இல்லை. கட்டுநாயக்கவுக்கு அருகில் வந்துவிட்டதாக நினைத்து இறங்கினார்கள். இருட்டில் மலை நின்றது. அது ஜெட் விமானம், இந்த இழையின் விடயமும் இல்லை. ஆனாலும் கேட்டவரைக் கோபிக்காதீர்கள். நம் பகுதியில் மேலே விமானச் சத்தம் கேட்டால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். என் அம்மாவும் அப்படித்தான்.

ஜனவரி 26, காலை

நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகும் காலம். இப்படிப்பட்ட குளிரில் எஞ்சினைக் கிளப்புவதைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நுவரெலியாவில் ஓடுபாதை இல்லைதான். ஆனால் தியத்தலாவையில் விமானப்படையின் ஓடுதளம் இருக்கிறது, நம் பிள்ளைகள் பயிலும் வெளிநாடுகளில் இதைவிடக் கடுங்குளிர்.

எஞ்சின் நிற்கும்போது மிக்சரும் த்ரொட்டிலும் திறந்திருக்க, பூஸ்டைப் போட்டால் எரிபொருள் நேரே உள்ளிழுகுழாய்க்குள் ஊற்றும். கிளப்புவதற்குக் கொஞ்சம் தேவை. ஓட்டமானி ஊசி அசைந்து நிலைத்ததும் போதும், அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று பிடித்துக்கொண்டிருந்தால் குழாயில் தேங்கியது பின்தீயில் பற்றிக்கொள்ளும். பற்றினால் ஸ்டார்ட்டரை விடாதீர்கள். மிக்சரை இழுத்து மூடி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து, சுழற்றிக்கொண்டே இருங்கள். தீ சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். பயந்து ஸ்டார்ட்டரை விட்டால் தீ வெளியே வரும்.

சூடான எஞ்சினுக்கு எதிர்முறை. கண்டினென்டலில் மிக்சரை முழுதாக மூடி, த்ரொட்டிலைத் திறந்து, பூஸ்டை ஹையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடவிடுவார்கள். மிக்சர் மூடியிருப்பதால் சிலிண்டருக்கு எதுவும் போகாது. தாங்கியின் குளிர்ந்த எரிபொருள் பம்புக்குள் சுற்றி, ஆவியைத் துரத்திக்கொண்டு தாங்கிக்கே திரும்பும். லைகோமிங்கில் அப்படித் திரும்பும் குழாய் இல்லை; அங்கே இந்த முறை பயன்படாது. இதையும் மாற்றிச் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 27

வலுவைப் பற்றி ஒரு கணக்கு. நுவரெலியா 1,868 மீற்றர், அதாவது 6,128 அடி. அங்கே 20 பாகை வெப்பமுள்ள நாளில் அடர்த்தி உயரம், அதாவது காற்றின் அடர்த்தி எந்த உயரத்துக்கு உரியதோ அது, 8,000 அடியைத் தாண்டிவிடும். நகரத்துக் குளக்கரையில் நிற்கும் எஞ்சின் பிதுருதலாகலை உச்சியின் காற்றைச் சுவாசிக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கடல்மட்ட வலுவில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிட்டது. அந்த உயரத்தில் மிக்சர் முழுச் செறிவில் இருந்தாலே எஞ்சின் திணறும். அதன்மேல் பூஸ்டையும் ஹையில் போட்டால் இருக்கும் வலுவும் போகும். கடல்மட்டத்தில் ஹையோடு மேலெழுந்து "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவரை நம்பி மலைநாட்டு உயரத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஜனவரி 29

2022 எரிபொருள் தட்டுப்பாட்டை நினைவுபடுத்தி, கார் பெற்றோலை விமானத்தில் ஊற்றலாமா என்று ஒரு கேள்வி. தாழ்ந்த அழுக்க விகிதமுள்ள சில எஞ்சின்களுக்கு அந்த அனுமதி உண்டு. ஐஓ-520 போன்றவற்றுக்கு 100 ஒக்டேன் வேண்டும். 95 ஒக்டேன் பெற்றோலில் வெடிப்பதிர்வு வந்து பிஸ்டன் ஓட்டையாகும். ஆவியடைப்பும் கூடும். விமானப் பெற்றோலின் ஆவியழுத்தத்தை 38 முதல் 49 கிலோபஸ்கால் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். கார் பெற்றோலில் அது பொதுவாக இதைவிட அதிகம். பூஸ்ட் பம்ப் அதைச் சமாளிக்கும் என்று நினைக்க வேண்டாம்.

காசல்ரீயில் வந்திறங்கும் செஸ்னா கரவனைப் பற்றிக் கேட்டவருக்கு: அது டர்பைன். அதன் பூஸ்ட் பம்ப் அழுத்தம் குறைந்தால் தானே ஓடத் தொடங்கும்படி அமைந்தது. எரிபொருளின் அளவைக் கட்டுப்பாட்டுக் கருவி தீர்மானிக்கிறது. அங்கே பார்த்ததை பிஸ்டன் விமானத்துக்குக் கொண்டுவர வேண்டாம்.

பெப்ரவரி 2, இரவு

பட்டறைக்காரனாகச் சில வார்த்தைகள்.

காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். காற்றை விழுங்கும்போது உயர்ந்து இரையும். எரிபொருள் பிடித்ததும் சுருதி தாழ்ந்து கனக்கும். நாள்தோறும் கேட்டால் அதன் குரல் பழகிவிடும். ஒரு நாள் குரல் மாறினால் கார்பன் தூரிகைகள் தேய்ந்திருக்கலாம், உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கலாம். எப்போதாவதுதான் ஓடும் பம்ப் என்பதால் அதை மறந்துவிடுவார்கள். தேவைப்படும் அன்று அது ஓடாது.

எஞ்சின் பம்பின் வடிகுழாய் நுனியைப் பாருங்கள். 100எல்எல் என்னும் விமானப் பெற்றோல் நீலநிறம். அங்கே நீலக் கறை இருந்தால் தண்டின் சீல் கசிகிறது, பறக்காதீர்கள், காட்டுங்கள்.

இன்னொன்று: பூஸ்ட் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது. மின்சாரம் ஆக்கும் ஓல்டர்னேட்டர் போய் பற்றரியில் மட்டும் பறக்கும்போது, ஆவியடைப்புக்காக லோ போட்டிருந்தால் அது பற்றரியைத் தின்றுகொண்டே இருக்கும். இரண்டு கோளாறும் ஒரே நாளில் வராது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

பெப்ரவரி 6

கொட்டகலைத் தம்பி பயிற்சிக்குத் திரும்பிவிட்டார். தன் விமானத்தின் கையேட்டுப் பக்கத்தையும் சுவிட்சையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். கையேடு ஐஓ-520 எஞ்சினுக்கு எழுதியது. விமானத்தில் பொருத்தியிருப்பது ஐஓ-550. பின்னாளில் அனுமதி பெற்று மாற்றியிருக்கிறார்கள். பழைய பொனான்சாக்களில் இது சாதாரணம். அப்படியானால் கையேட்டின் பின்னால் மாற்றத்துக்கென்று தனி இணைப்புத் தாள் இருக்க வேண்டும். பம்ப் பற்றிய நடைமுறை அங்கே வேறாக இருந்தால் அதுதான் செல்லும். முன்னால் உள்ள பக்கம் செல்லாது.

தம்பி, அந்த இணைப்புத் தாளைக் கேட்டு வாங்குங்கள். விமானத்தில் இல்லை என்றால் பட்டறையின் பதிவேட்டில் இருக்கும். அது கைக்கு வரும் வரை பறக்க வேண்டாம் என்று உங்கள் ஆசிரியரிடமே சொல்லுங்கள். உங்கள் கையைத் தட்டிவிட்டவர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார். தாள் கிடைத்ததும் மேலெழும்பல், உயரப் பறப்பு, இறங்கல், எஞ்சின் பம்ப் பழுது ஆகிய நான்கு இடங்களிலும் பம்ப் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று என்ன எழுதியிருக்கிறது என்பதை இங்கே பதியுங்கள். இழையில் இருக்கும் மற்ற ஐஓ-550 விமானிகளும் தங்கள் தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.